மேசைமேல் ஒரு மரக்கலம்

"விடுதி அறையில் இரவெல்லாம் என்ன செய்கிறாய்?" என்று நண்பர்கள் கேட்டால், "கப்பல் கட்டுகிறேன்" என்று விடை சொல்வது என் வழக்கம். "வ. உ. சி. கப்பல் ஓட்டினார், நீ கட்டவே தொடங்கிவிட்டாயா?" என்று அவர்கள் நகைப்பதும் வழக்கம். நான் கட்டுவது கடலில் ஓடும் கப்பலன்று. மேசைமேல் நிற்கும் மாதிரிக் கப்பல்.

மாதிரிக் கப்பல்களை இன்று பெட்டியில் அடைத்து விற்கிறார்கள். வெட்டிய பலகை, வார்த்த நங்கூரம், முறுக்கிய கயிறு யாவும் அதனுள் இருக்கும். எண் பார்த்து ஒட்டினால் போதும். அதைக் குறை சொல்வதற்கில்லை. எனினும், ஒரு வரைபடம், சில மரத்துண்டுகள், கொஞ்சம் பித்தளைக் கம்பி ஆகியவற்றை மட்டும் முன்னே வைத்துக்கொண்டு, கடைசி ஆணிவரை கையாலேயே ஆக்கிக்கொள்ளும் முறை ஒன்று உண்டு. அதைப் பற்றியே இக்கட்டுரை. இயற்பியல் படிக்கும் எனக்கு இது பொழுதுபோக்காகவும் ஒரு சிறிய ஆய்வுக்கூடமாகவும் இருந்து வருகிறது.

எந்தக் கப்பல்?

முதலில் ஒரு கப்பலைத் தெரிந்தெடுக்க வேண்டும். மும்பையில் படிக்கும் தமிழ் மாணவனுக்கு இதில் குழப்பமே இல்லை. இந்நகரின் கப்பற்பட்டறையில் கட்டப்பட்டு, ஈழத்துத் துறைமுகம் ஒன்றின் பெயரைத் தாங்கி, இன்றும் இங்கிலாந்தில் மிதந்துகொண்டிருக்கும் மரக்கலம் ஒன்று உண்டு. அதன் பெயர் 'திருகோணமலை'. ஆங்கிலேயர் வாயில் அது 'டிரிங்கோமலி' ஆயிற்று.

சூரத்திலிருந்து 1736-இல் பம்பாய் வந்த லவ்ஜி நசர்வான்ஜி வாடியா என்னும் பார்சித் தச்சரின் வழிவந்தோர், நூறாண்டுக்கு மேலாக இங்கே கப்பல் கட்டினர். அவ்வழியில் வந்த ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா தலைமையேற்றுக் கட்டியதே இக்கப்பல். 1816-இல் தொடங்கிய வேலை, 1817 அக்டோபர் 12-இல் கப்பலை நீரில் இறக்குவதில் முடிந்தது. நெப்போலியனோடு நடந்த போர்களால் இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு. மலபார்த் தேக்கோ இங்கே கிடைத்தது. ஓக் மரத்திலுள்ள துவர்ப்பு அமிலம் இரும்பு ஆணிகளை அரிக்கும். தேக்கின் எண்ணெய்ப் பசை அவற்றைக் காக்கும். இருநூறு ஆண்டு கடந்தும் இக்கப்பல் நிலைத்திருப்பதற்கு இஃது ஒரு காரணம்.

இதன் வரைபடங்களுக்கும் ஒரு கதை உண்டு. பம்பாய்க்கு முதலில் அனுப்பிய படங்கள் 'ஜாவா' என்னும் போர்க்கப்பலில் வந்தன. 1812 டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கக் கப்பலான 'கான்ஸ்டிடியூஷன்' அதனை வென்று எரித்தது. படங்களும் போயின. மீண்டும் படி எடுத்து அனுப்பிய பிறகே இங்கே வேலை நடந்தது. படத்தை அழித்த கான்ஸ்டிடியூஷன் பாஸ்டன் துறையிலும், அந்தப் படத்தால் பிறந்த திருகோணமலை ஹார்ட்டில்பூல் துறையிலும் இன்றும் மிதக்கின்றன. மூலம் அழிந்தாலும் படி ஒன்று வேறிடத்தில் இருந்ததால் இக்கப்பல் பிழைத்தது. இச்செய்தியை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். கட்டுரையின் முடிவில் இது நமக்குத் தேவைப்படும்.

படத்தைப் படித்தல்

பழைய பிரித்தானியப் போர்க்கப்பல்களின் வரைபடங்கள் கிரீனிச்சிலுள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஒரு கப்பலை மூன்று கோணங்களில் வரைந்திருப்பார்கள். பக்கத் தோற்றம் ஒன்று. மேலிருந்து பார்க்கும் தோற்றம் மற்றொன்று. இரு பக்கமும் ஒன்றுபோலவே இருக்குமாதலால் பாதியை மட்டும் வரைவர். மூன்றாவது, கப்பலை ரொட்டியைப்போலக் குறுக்கே துண்டு துண்டாக வெட்டினால் ஒவ்வொரு துண்டின் விளிம்பும் எப்படியிருக்கும் என்பதைக் காட்டும் படம். மலையின் உயரங்களை நிலப்படத்தில் வளைகோடுகளால் காட்டுவதைப் போன்றதே இது. இக்கோடுகளைப் பார்த்து வளைந்த உடலை மனத்தில் எழுப்பப் பழகுவதே முதற்படி. ஒரு வாரம் படத்தோடு உட்கார்ந்தால் கண் பழகிவிடும்.

அளவு என்னும் புதிர்

நான் எடுத்துக்கொண்டது 64-இல் ஒரு பங்கு அளவு. கப்பலின் பீரங்கித் தளம் ஏறக்குறைய 150 அடி. மேசைமேல் அது 72 செ.மீ. ஆகிறது. அகலம் 40 அடிக்குச் சற்றுக் குறைவு. அது 19 செ.மீ. ஆகிறது.

இங்கேதான் அறிவியல் மாணவனுக்கு விருந்து. நீளம் 64-இல் ஒன்றானால், பரப்பு 4,096-இல் ஒன்றாகும். கன அளவோ 2,62,144-இல் ஒன்றாகும். 1,000 டன் எடையுள்ள பொருள், அதே பொருளால் இவ்வளவில் செய்தால், 4 கிலோகிராமுக்கும் குறைவு! ஆனால் எல்லாம் நம் சொற்படி சுருங்குவதில்லை. மரத்தின் ரேகை சுருங்காது. துணியின் இழை சுருங்காது. புவியீர்ப்பும் குறையாது. பெரிய கப்பலின் பாய் தன் எடையால் அழகாகத் தொங்கும். அதே பாயைக் கைக்குட்டை அளவில் தைத்தால் விறைத்து நிற்கும். அதனாலேயே பலர் பாய் கட்டாமல் மரமும் கயிறும் மட்டும் வைத்து முடிப்பர்.

இதிலிருந்து ஒரு வேடிக்கை பிறக்கிறது. தேக்கால் கட்டிய கப்பலின் மாதிரியைத் தேக்கால் செய்யலாகாது. தேக்கின் துளைகளும் ரேகைகளும் பெரியவை. 64 மடங்கு பெருக்கிப் பார்த்தால் ஒவ்வொரு ரேகையும் பலகைப் பிளவுபோலத் தோன்றும். நெருக்கமான நுண்ணிய ரேகையுள்ள மரமே வேண்டும். மேனாட்டார் பேரி மரத்தையும் பாக்ஸ் மரத்தையும் நாடுவர். நமக்கு மஞ்சக்கடம்பு இருக்கிறது. சன்னபட்டணத்துப் பொம்மைகளைக் கடையும் வெட்பாலை இருக்கிறது. கப்பலின் கறுப்புப் பட்டைக்குக் கருங்காலிச் சீவல் போதும், சாயமே வேண்டா.

உடலைக் கட்டுதல்

கப்பலின் முதுகெலும்பை நம்மவர் ஏரா என்பர். 5 மி.மீ. பிளைவுட்டில் ஏராவை வெட்டி, அதில் மூன்று நான்கு செ.மீ. இடைவெளியில் காடிகள் அறுக்க வேண்டும். குறுக்குவெட்டுப் படத்தின்படி வெட்டிய தட்டிகளை அக்காடிகளில் செருகினால் மீனின் எலும்புக்கூடு போன்ற ஓர் உருவம் கிடைக்கும். இனி அதன்மேல் பலகை போர்த்த வேண்டும். அதற்குமுன், ஒரு நீண்ட பலகைச் சீவலைத் தட்டிகளின்மேல் வளைத்து வைத்துப் பாருங்கள். அது எல்லாத் தட்டிகளையும் தொட்டுக்கொண்டு ஓட வேண்டும். எங்கேனும் மேடு தட்டினால் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும்; பள்ளம் இருந்தால் சீவல் ஒட்டி நிரப்ப வேண்டும். இங்கே பொறுமை காட்டாதவர் பின்னால் எத்தனை வண்ணம் பூசினாலும் பயனில்லை.

பலகை போர்த்துவதில் ஒரு கணக்கு உண்டு. கப்பலின் நடுவில், மேல்விளிம்பிலிருந்து ஏரா வரை வளைவைச் சுற்றி அளந்தால் 20 செ.மீ. என்று கொள்வோம். முன்பகுதியாகிய அணியத்தில் அதே அளவு 12 செ.மீ. தான். 5 மி.மீ. அகலச் சீவல்கள் நடுவில் நாற்பது பிடிக்கும். அந்த நாற்பதும் அணியத்திற்குச் செல்ல வேண்டுமானால் ஒவ்வொன்றும் அங்கே 3 மி.மீ. ஆகக் குறுக வேண்டும். ஆகவே ஒவ்வொரு சீவலையும் முனை நோக்கிச் சரிவாகச் சீவியே ஒட்ட வேண்டும். இதைச் செய்யாமல் அப்படியே ஒட்டினால் சீவல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்.

வளைப்பதற்கு வெந்நீர் வேண்டும். மரநார்களைப் பிணைத்து நிற்கும் லிக்னின் என்னும் பொருள், ஈரமும் சூடும் சேரும்போது இளகும். ஆறியதும் புதிய வடிவிலேயே இறுகும். சீவலைக் கொதிநீரில் ஊறவைத்து, ஒரு கண்ணாடிப் புட்டியைச் சுற்றிக் கட்டி ஓரிரவு விட்டுவிடுங்கள். காலையில் அது அணியத்தின் வளைவை ஏற்றிருக்கும். ஒட்டுவதற்கு ஃபெவிகால் போதும்.

பலகைகளை வங்குகளோடு பிணைக்கும் மர ஆணிகளும் வேண்டுமல்லவா? அதற்கு ஊதுபத்திக் குச்சியே சிறந்தது. அதன் மூங்கில் நார் நேராக ஓடும். எஃகுத் தகட்டில் வரிசையாகச் சிறு துளைகளிட்டு, பெரிய துளையிலிருந்து சிறிய துளைக்கு ஒவ்வொன்றாக இழுத்தால், முக்கால் மி.மீ. கனமுள்ள உருண்டை ஆணி கிடைக்கும். பொற்கொல்லர் கம்பி இழுக்கும் அச்சும் இதுவே.

ஏழு, பத்து, ஏழு

பாய்மரம் கடைசல் வேலையன்று. அது நடுவில் பருத்து முனையில் மெலிவது. பழந்தச்சர் அதைச் சதுரக் கட்டையிலிருந்தே ஆக்கினர். சதுரத்தின் பக்கத்தை 24 பங்காக்கி 7, 10, 7 எனக் கோடிட்டு நான்கு மூலைகளையும் சீவினால் எட்டுப் பட்டை வரும். பிறகு பதினாறு பட்டை, அதன்பின் உப்புத்தாள், உருண்டை ஆயிற்று.

இந்த 7, 10, 7 எங்கிருந்து வந்தது? சரியான எண்கோணத்தில் நடுப்பங்கு, முழுப்பக்கத்தில் 0.414, அதாவது இரண்டின் வர்க்கமூலத்திலிருந்து ஒன்றைக் கழித்தது. 10-ஐ 24-ஆல் வகுத்தால் 0.417. நூற்றுக்கு ஒரு பங்குகூட வேறுபாடில்லை! வர்க்கமூலத்தை ஏட்டில் எழுதாமலே உளியால் எழுதிய அத்தச்சர்களை எண்ணி நான் வியப்பதுண்டு.

பித்தளை வேலை

இனி உலோகம். மரக்கலம் என்று பெயரே தவிர, அதில் இரும்பும் செம்பும் இல்லாத இடமில்லை. சுக்கானுக்குக் கீல், கயிறுக்கு வளையம், பீரங்கிக்குக் கொக்கி, நங்கூரத்துக்குச் சங்கிலி. இவற்றையெல்லாம் பித்தளையாலும் செம்பாலும் செய்துகொள்ளலாம். இங்கே நாக்தேவித் தெருக் கடைகளில் சிறு அரங்கள், கைத்துளைப்பான், நூலிழை போன்ற ரம்பம் யாவும் கிடைக்கும். மற்றப்படி எனக்கு ஆசான், தூத்துக்குடியில் பொற்பட்டறை வைத்திருக்கும் என் சித்தப்பாவே. சாமணம், குறடு, ஊதுகுழல், வெங்காரம் ஆகிய சொற்களை எந்தப் பாடநூலிலும் நான் கற்கவில்லை. பள்ளி விடுமுறைகளில் அவர் பட்டறையில் உட்கார்ந்து கற்றேன்.

முதற் பாடம், உலோகத்தை இளக்குதல். பித்தளைக் கம்பியை நான்கு முறை வளைத்தால் விறைத்துவிடும். ஐந்தாம் முறை ஒடியும். வளைக்கும்போது அதன் படிகங்களில் பிறழ்வுகள் பெருகி ஒன்றையொன்று தடுப்பதே காரணம். மங்கலான வெளிச்சத்தில், கம்பி மங்கிய சிவப்பாகத் தெரியும்வரை காய்ச்சினால் படிகங்கள் புதிதாக அமையும். கம்பி மெழுகுபோல் இளகும். உடனே நீரில் தோய்க்கலாம். எஃகை இப்படித் தோய்த்தால் கடினமாகும். பித்தளையும் செம்பும் ஆகா.

எளிய உறுப்பு வளைய ஆணி. ஒரு மி.மீ. துளைமுள்ளின் தண்டில் மெல்லிய கம்பியைச் சுற்றி, இரு முனைகளையும் குறட்டால் முறுக்கி அறுத்தால் தலையில் கண்ணுள்ள ஆணி ஆயிற்று. ஒரு மாலையில் ஐம்பது செய்யலாம். அதே கம்பியைத் தண்டில் சுருளாகச் சுற்றி நீளவாக்கில் அறுத்தால் ஒரே அளவான வளையங்கள் உதிரும்.

சற்றுக் கடினமானது முக்கண் கட்டை. பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் கயிறுகளின் அடியில், மூன்று துளையுள்ள வட்டக் கட்டைகள் இணை இணையாக இருக்கும். அவற்றினூடே கயிற்றைக் கோத்து இழுத்து முறுக்கேற்றுவர். தேங்காயின் முக்கண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். 11 அங்குலக் கட்டை நம் அளவில் 4.4 மி.மீ. அதன் விளிம்பைச் சுற்றி ஓர் உலோகப் பட்டை. அப்பட்டையிலிருந்து கப்பலின் பக்கத்திற்கு ஓர் இணைப்பு. பாய்மரத்தைப் பக்கத்தில் சாயாமல் பிடிக்கும் இழுப்பு முழுவதும் இந்தச் சிறு பட்டைகளின் வழியேதான் கப்பலின் உடலைச் சேர்கிறது. கையால் செய்யாதவரை நான் இதனை அழகுக்கென வைத்த ஒன்றாகவே எண்ணியிருந்திருப்பேன். பெட்டியில் வாங்கியவனுக்கு அஃது ஓர் எண். ஆக்கியவனுக்கு அதன் வேலை தெரியும்.

பட்டையை மூடப் பற்றவைக்க வேண்டும். ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று ஏறக்குறைய 183 டிகிரி செல்சியசில் உருகத் தொடங்கும். வெள்ளி கலந்த பற்றோ 600 டிகிரிக்கு மேல் உருகும். ஓர் உறுப்பில் இரண்டு இணைப்புகள் அருகருகே இருந்தால் முதலாவதை வெள்ளிப் பற்றாலும் இரண்டாவதை ஈயப் பற்றாலும் வைக்க வேண்டும். இல்லையேல் இரண்டாவதை வைக்கையில் முதலாவது கழன்றுவிடும். வெள்ளிப் பற்றுக்கு வெங்காரம் துணை. ஈயப் பற்றுக்குக் குங்கிலியப் பசை துணை. இரண்டும் செய்வது ஒன்றே: காற்றின் ஆக்சிஜன் படாமல் உலோக முகத்தைத் தூய்மையாக வைத்திருத்தல். பற்றுத் தூளை வைத்துக் குழலால் ஊதுவதைப் பொற்கொல்லர் 'பொடி வைத்து ஊதுதல்' என்பர். சிலர் பேச்சையும் நாம் அப்படிச் சொல்கிறோம். பட்டறையிலிருந்து வந்த வழக்கு அது!

பெரிய வேலை பீரங்கி. இவ்வகைக் கப்பலின் பீரங்கித் தளத்தில் 18 பவுண்டுக் குண்டு எறியும் 28 பீரங்கிகள் இருக்கும். 9 அடி நீளப் பீரங்கி நம் கையில் 43 மி.மீ.; 5.3 அங்குல வாய் 2.1 மி.மீ. கடைசல் எந்திரம் இல்லாதவர், மின்துளைப்பானை மேசையில் இறுக்கி, 8 மி.மீ. பித்தளைத் தடியை அதில் பிடித்துச் சுழலவிட்டு அரத்தால் கடையலாம். இருபத்தெட்டும் ஒன்றுபோல இருக்க, பீரங்கியின் வெளிவிளிம்பைத் தகரத்தில் வெட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் அதில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

கண்ணாடி அணியாமல் இவ்வேலைகளில் இறங்கலாகாது. தீ வைத்துச் செய்யும் வேலையை விடுதி அறையில் செய்வதும் தகாது. துறைப் பட்டறையில் இசைவு பெற்றுச் செய்யுங்கள்.

ஈயம் வேண்டா

"பீரங்கியை ஈயத்தில் வார்த்துவிட்டால் ஒரே நாளில் முடியுமே?" என்று என் அறைத்தோழன் கேட்டான். முடியும், ஆனால் நிற்காது. மரமும் பசையும் மெல்ல மெல்ல அசெட்டிக் அமில ஆவியை வெளியிடுகின்றன. கண்ணாடிப் பேழைக்குள் அடைத்த மாதிரியில் அவ்வாவி வெளியேற வழியில்லை. அஃது ஈயத்தை அரித்து, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வெண்பொடியாக்கிவிடும். பழைய மாதிரிகள் பலவற்றில் ஈய நங்கூரங்களும் பீரங்கிகளும் இப்படிப் பொடிந்திருக்கின்றன. காப்பதற்கென்று வைத்த பேழையே ஈயத்துக்குப் பகையாகிவிடுகிறது. ஆதலால் பித்தளையே நன்று. ஈயப் பற்று வைத்த இடங்களைக்கூடக் கழுவித் துடைத்து மெருகெண்ணெய் பூசிவிடுதல் நலம்.

நம் கரைத் தோணிகள்

இவ்வளவு உழைப்பு எதற்கு என்று கேட்கலாம். ஒரு கப்பலின் ஒவ்வொரு உறுப்பையும் ஆக்கிப் பார்த்தவனுக்கு, எந்தக் கலத்தையும் பார்த்து அளந்து எழுதும் கண் வந்துவிடுகிறது என்பதே என் விடை. அக்கண் இன்று நமக்குத் தேவை.

திருகோணமலைக் கப்பலுக்கு வரைபடம் இருந்தது; ஒன்று எரிந்தாலும் மற்றொன்று வந்தது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பாய் விரித்து ஓடிய தோணிகளுக்கு வரைபடம் ஏது? தச்சரின் மனமே படம், கைமுழமே அளவுகோல். வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' 1938-இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைவரை பாயிலேயே சென்று சேர்ந்தது. அத்தகைய கைத்திறன் தந்தையிடமிருந்து மகனுக்கு வாய்மொழியாகவே வந்தது. எஞ்சின் வந்தபின் பாய்கள் சுருண்டன. ஃபைபர் படகு வந்தபின் மரப்படகுகளும் குறைந்துவருகின்றன. படம் ஒரே ஒரு படியாக, அதுவும் முதியவர் ஒருவரின் நினைவில் மட்டும் இருந்தால், அவரோடு அதுவும் போய்விடுமன்றோ?

நம் கரைக் கலங்களை அளந்து வரைந்தவர்களில் முன்னோடி, பாரி என்னும் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி. சோழமண்டலக் கரையின் மசூலாப் படகு உட்படப் பல நாட்டுப் படகுகளை வரைந்து 1840-களின் தொடக்கத்தில் நூலாக வெளியிட்டார். அப்படங்களைக் கொண்டு பின்னர் பாரிஸில் மாதிரிகளும் செய்யப்பட்டன. 1920-இல் ஜேம்ஸ் ஹார்னெல் என்னும் ஆங்கிலேயர் இந்தியப் படகுகளின் அமைப்பைப் பற்றி எழுதினார். இருவரும் அயலார். அவர்களுக்கு நன்றி சொல்வோம். எஞ்சியதை நாம் செய்வோம்.

அளப்பது கடினமன்று. கரையில் நிற்கும் படகைச் சமமாக நிறுத்தி, அதன் நடுவில் முன்பின்னாக ஒரு நூலை இழுத்துக் கட்டுங்கள். ஒவ்வொரு மீட்டருக்கும் ஓர் இடத்தைக் குறித்து, அங்கே படகின் வெளிப்புறத்தில் தூக்குக்குண்டு கட்டிய கயிற்றைத் தொங்கவிடுங்கள். கயிற்றிலிருந்து படகின் உடல்வரை, பத்துப் பத்து செ.மீ. உயரத்தில், கிடையாக அளந்து எழுதுங்கள். நடுநூலுக்கும் கயிற்றுக்கும் உள்ள தூரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவர் அளக்க, ஒருவர் எழுத, அரைநாளில் ஒரு வள்ளம் முழுவதும் குறிப்பேட்டில் ஏறிவிடும். கூடவே, ஒவ்வொரு உறுப்பின் பெயரையும் அத்தச்சரிடமே, "ஐயா, இதற்கு என்ன பெயர்?" என்று கேட்டு அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். வங்கு, ஏரா, அணியம் போன்ற சொற்கள் அளவுகளைவிட விரைவில் மறைவன.

இவ்வாண்டு விடுமுறையில் தூத்துக்குடிக்கும் நாகைக்கும் இராமேசுவரத்துக்கும் செல்லும் நண்பர்கள் நம் சங்கத்தில் பலர் உள்ளனர். பெட்டியில் ஓர் அளவு நாடாவும் ஒரு தூக்குக்குண்டும் வைத்துக்கொண்டு செல்லுங்கள். படகின் அளவைக் கொண்டுவாருங்கள். மரம் அறுப்பதற்கும் பித்தளை காய்ச்சுவதற்கும் நான் துணை நிற்கிறேன். அடுத்த ஆண்டுவிழாவில் நம் சங்க அறையின் மேசைமேல், நாமே அளந்து நாமே கட்டிய தமிழ்த் தோணி ஒன்று நிற்கட்டும். அதன் வரைபடத்தின் படிகள் ஒன்றுக்கு மூன்றாக வெவ்வேறு இடங்களில் இருக்கட்டும்.